காதால் பார்க்க வேண்டிய குருவி

என் மனைவி என்னை விட்டுப் போகப் போவதாக ஒரு சாயங்காலம் என்னிடமே சொன்னாள். பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன், இனிமேல் அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். நான் "சரி, பாத்துக்கலாம்" என்றேன்.

இதில் கோபமோ வைராக்கியமோ கிடையாது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே புகை இழுக்கிற ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செல்போனில் நூல் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொல்கிறாள் என்பது வரைக்கும் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது காதில் விழவில்லை. பெண்டாட்டி சமையலறையிலிருந்து ஏதாவது சொன்னால் அது கேஸ் சிலிண்டராக இருக்கும், இல்லாவிட்டால் உறவுக்காரர் வீட்டு விசேஷமாக இருக்கும். இரண்டுக்குமே "சரி, பாத்துக்கலாம்" பொருந்தும். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே தொழில்நுட்பம் அதுதான்.

அவள் பேருந்துக்கு முன்பதிவு செய்தாள். பரண் மேலிருந்து பெரிய பெட்டிகள் இரண்டு இறங்கின. மகளுக்கும் பேத்திக்கும் முறுக்கும் ஊறுகாயும் இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே எடுத்துப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியைத் தூக்கி வைக்க உதவி வேறு செய்தேன்.

எனக்குத் திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட் இருக்கிறது. அடுத்தவர்கள் கொண்டுவந்து தரும் நூலை வட்ட மெஷின்களில் ஓட்டிப் பனியன் துணியாக்கிக் கொடுக்கிற வேலை. கல்யாணமான புதிதில் இரண்டே மெஷின்தான். ஆட்கள் நானும் அவளும். மெஷின் ஓடுகிற ஷெட்டுக்குள் வாய்விட்டுப் பேசிப் பிரயோசனமில்லை. ஒன்று, காதோரம் வந்து கத்த வேண்டும். இல்லாவிட்டால் சத்தமே போடாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைக்க வேண்டும். எங்கள் தொழிலில் நாள்பட்டவர்கள் பலருக்கும் இது தானாக வந்துவிடும். அந்த மூலையில் நிற்பவர் 'ஊசி ஒடஞ்சுபோச்சு' என்று உதட்டால் சொன்னால், இந்த மூலையில் நிற்பவர் ஊசியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தாராபுரத்திலிருந்து வந்தவள் இதை வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டாள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போதே மாமியாரைப் பற்றிப் புகார் சொல்ல முடிகிற வசதி அவளுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. பிறகு மகள் பிறந்தாள், வேலைக்கு ஆட்கள் வந்தார்கள், அவள் ஷெட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. இன்றைக்கும் மெஷின் பக்கத்தில் நின்றால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சில வருடங்களாக உலகம் மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டது என்பது என் அபிப்பிராயமாக இருந்தது. படித்த பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். செல்போன் செய்கிறவர்கள் காசை வாங்கிக்கொண்டு மட்டமான ஸ்பீக்கரை வைத்துவிடுகிறார்கள். டிவி நாடகத்தில் நடிப்பவர்கள் வாயைத் திறக்காமலேயே அழுகிறார்கள். எங்கள் ஷெட்டில் இருக்கும் ஒடிசாக்காரர்கள் மட்டும் நன்றாக உரக்கப் பேசுவார்கள், ஆனால் அவர்கள் பேசுகிற இந்தி எனக்குப் புரியாது. என் கூட்டாளிகள் அத்தனை பேரும் இதே தொழில். டீக்கடையில் நாங்கள் நான்கு பேர் நலம் விசாரித்துக்கொண்டால் ரோட்டில் போகிறவர்கள் சண்டை என்று நின்று பார்ப்பார்கள். ஆகவே யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. "செவிடன் காதுல சங்கு ஊதுனாப்பல" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அதை மட்டும் எதிரில் வந்து நின்று உரக்கச் சொல்வாள், அதனால் எனக்கு நன்றாகக் கேட்டுவிடும். பழமொழி சொல்வதாகத்தான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு இவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கப் போகிற பழக்கம் வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் குளத்தைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் ஓர் இளம்பெண் தலைவி. ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர். பிறகு ஒரு சாயப்பட்டறை முதலாளி. சாயப்பட்டறைக்காரர் நீர்ப்பறவைகளைப் படம் பிடிக்கக் கிளம்பியது அவருடைய கூட்டாளிகளுக்கே சிரிப்பு. ஒரு காலத்தில் அவர் பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்பதை வெளியே இருக்கும் வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது அவர் தண்ணீரைச் சுத்தம் செய்தே விடுகிறார், கேமராவுக்கு வாழைத்தண்டு நீளத்தில் லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் கேலியாக இருந்தது. வாரத்தில் ஆறு நாளும் சில்லி சிக்கன் தின்கிற ஊர், ஏழாம் நாள் போய்க் கொக்கைக் கும்பிட்டுவிட்டு வருகிறது என்று சொல்லிச் சிரிப்பேன். அவள் குளத்திலிருந்து திரும்பி வந்ததும் பாத்திரம் கழுவிக்கொண்டே அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்வாள். நான் பேப்பர் படித்துக்கொண்டே என் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவேன்.

பெட்டிகள் இறங்கிய வாரம், சனிக்கிழமை மத்தியானம், அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு நீங்களும் ஒருக்கா கொளத்துக்கு வாங்க. திங்கக்கெழம நான் போயிருவனுங்க. அதுக்கு முன்னால ஒருக்கா."

எதிரில் உட்கார்ந்து சொன்னதால் எல்லாம் கேட்டது. வழக்கமாக அவளைக் கூட்டிப்போகிற வங்கி மேலாளரின் கார் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும்போல, டிரைவர் வேண்டியிருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு சரி என்றேன். உண்மையில், போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேனா என்று பார்ப்பதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். சொன்னால் இருந்துவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறாள்.

எங்கள் ஊரில் டி-ஷர்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் குறைவு. எந்த நாட்டுக்காரன் எதை வேண்டாம் என்று தள்ளினானோ அதை நாங்கள் போட்டுக்கொள்வோம். மறுநாள் காலை வெளியில் போகிறோமே என்று இருப்பதிலேயே புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினேன். நல்ல பளீர் ஆரஞ்சு. வெளிநாட்டில் ரோடு போடுகிறவர்களுக்காகத் தைத்தது. வெகுதூரத்தில் வருகிற லாரிக்காரனுக்கும் ஆள் நிற்பது தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கலரில் முக்கி எடுத்திருந்தார்கள். பறவை பார்க்கப் போகும்போது பறவையும் நம்மைப் பார்க்கும் என்கிற விஷயம் எனக்கு உதிக்கவில்லை. அவள் அதை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள். நல்லாத்தான் இருக்கிறது போலிருக்கிறது என்று காரை எடுத்தேன்.

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். என் இடது பக்கம் உட்கார்ந்து, முன்னால் ரோட்டைப் பார்த்தபடி பேசினாள். நானும் ரோட்டைப் பார்த்தபடி பதில் சொன்னேன். "சரி சரி" என்றேன். "பாத்துக்கலாம்" என்றேன். ஓரிடத்தில் அவள் பேச்சு நீளமாகப் போனதால் மரியாதைக்கு "ஆமா" என்றும் சொன்னேன். ரயில்வே கேட் தாண்டிய பிறகு அவள் பேசவில்லை.

குளம் நான் நினைத்ததைவிடப் பெரிது. மார்கழிப் பனி இன்னும் தண்ணீர் மேல் நின்றிருந்தது. நடுவில் இருக்கும் மண்திட்டுகளில் சீமைக்கருவேல மரங்கள், மரத்துக்கு மரம் நாரைகள். நீர்க்காகங்கள் சிறகை விரித்து, கொடியில் காயப்போட்ட பனியன் போல நின்றன. கூழைக்கடாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கரையில் ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்த வடநாட்டுப் பிள்ளைகள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லூரிப் பெண் என் டி-ஷர்ட்டைப் பார்த்தாள். குழுவில் எல்லாரும் மண் கலரிலும் பாசி கலரிலும் வந்திருந்தார்கள். அவள் பையிலிருந்து பழுப்பு நிறப் போர்வை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சார், தப்பா நெனக்காதீங்க. இதக் கொஞ்சம் போத்திக்கறீங்களா?"

காய்ச்சல்காரன் மாதிரி போர்த்திக்கொண்டு நின்றேன். சாயப்பட்டறைக்காரர் என் பக்கத்தில் வந்து, கலர் சரியாக ஏறியிருக்கிறது, சலவைக்கும் போகாது என்று பாராட்டினார். தொழில்காரர்களுக்கு எங்கே போனாலும் புத்தி போகாது.

பறவைகளை நான் குறை சொல்ல மாட்டேன். வரித்தலை வாத்து என்று ஒன்றைக் காட்டினார்கள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. இமயமலையைத் தாண்டிப் பறந்து இங்கே வருகிறதாம். வங்கி மேலாளர் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பீகாரிலிருந்து ரயில் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டே வந்து சேர்கிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவர்களிடம் சொன்னால் இவ்வளவு ஆச்சரியப்படுவார்களா என்று யோசித்தேன். இருந்தாலும் அந்த வாத்து தண்ணீரில் இறங்கிய அழகைப் பார்த்தபோது, இதை இவள் ஒவ்வொரு வாரமும் தனியாக வந்து பார்த்திருக்கிறாளே என்று ஒரு சின்ன வருத்தம் வந்தது.

பிறகு நாணல் புதருக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார்கள். கல்லூரிப் பெண் எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினாள். எல்லாரும் நின்றார்கள்.

"நாணல் கதிர்க்குருவிங்க. உள்ளார இருக்குது, வெளிய வராது. இதக் கண்ணுல பாக்க முடியாதுங்க, காதாலதான் பாக்கோணும்."

வங்கி மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். சாயப்பட்டறைக்காரர் வாயைப் பாதி திறந்துகொண்டு நின்றார். என் மனைவி முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த மாதிரி அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நானும் கேட்டேன். புதர் இருந்தது, காற்றில் நாணல் ஆடியது, அவ்வளவுதான். எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. கண்காட்சிக்குச் சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துவிட்டு, என்னவோ புரிந்த மாதிரி தலையை ஆட்டுவார்களே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. எவனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல எவனுக்கும் தைரியமில்லை. இந்த வித்தை எனக்கும் தெரியும் என்று நானும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, நன்றாகக் கொஞ்ச நேரம் ரசித்தேன்.

கண்ணைத் திறந்து, "அருமைங்க. என்ன ஒரு சங்கீதம்" என்றேன்.

கல்லூரிப் பெண் என்னைப் பார்த்தாள். "அது அப்பவே நிறுத்திருச்சுங்களே சார்."

"அதாங்க. நிறுத்தறதுக்கு முன்னால."

"நீங்க தலையாட்டும்போது கத்திட்டு இருந்தது புல்லட்டுங்க சார்" என்றார் வங்கி மேலாளர். கரைக்கு அந்தப் பக்க ரோட்டில் அப்படி ஒரு வண்டி போனதாம். எல்லாரும் நாகரிகமாகச் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கணக்கில் ஏதோ உதைக்கும்போது பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள பைனாகுலரை வாங்கித் தண்ணீர்ப் பக்கம் திருப்பினேன். நாமக்கோழி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பினால், என்னோடு நின்றவர்கள் யாரும் என்னோடு இல்லை. வங்கி மேலாளர் ஒரு பாறை மேல் இருந்தார். சாயப்பட்டறைக்காரர் லென்ஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நின்றார். கல்லூரிப் பெண் கரை மேட்டுக்கே போய்விட்டாள். என் மனைவி மட்டும் எனக்குப் பின்னால், அதே இடத்தில், ஆணி அடித்தாற்போல நின்றுகொண்டிருந்தாள். ஏதோ அபூர்வமான பறவை வந்திருக்கிறது, நான் தவறவிட்டேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்ததே கிடையாது. மற்றவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னைக் கரை மேல் இருந்த சிமெண்டு பெஞ்சுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். எதிரில் நின்றாள். சத்தமே இல்லாமல், ஷெட்டில் பேசுகிற மாதிரி உதட்டை மட்டும் அசைத்தாள்.

'நாஞ் சொல்றது தெரியுதுங்களா?'

"நல்லாத் தெரியுது."

'எப்ப இருந்து?'

"என்ன எப்ப இருந்து?"

'காது.'

எனக்குக் கோபம் வந்தது. என் காதுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். உலகம் முணுமுணுப்பதைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

'இப்ப உங்க பின்னால நின்னு, காலுகிட்டப் பாம்புன்னு சொன்னனே.'

"எங்கே?" என்று இரண்டு காலையும் பெஞ்சு மேல் தூக்கிக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் கண்ணீராக இருந்தது. எது எப்போது முடிந்து எது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. போர்வையின் நுனியை எடுத்து அவளே துடைத்துக்கொண்டாள். என் பக்கத்தில் உட்கார வந்தவள், உட்காராமல் மறுபடியும் எதிரிலேயே நின்றாள்.

'அன்னிக்குத் தோச ஊத்தும்போது சொன்னது?'

"என்ன சொன்ன?"

மறுபடியும் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள். 'எனக்குப் பேச ஆளில்ல. சுவத்தோட பேசறதுக்குப் பேத்தியோட பேசலாம். நான் போறேன், திரும்ப வரல.' பிறகு, 'நீங்க சரின்னுட்டீங்க' என்றாள்.

பெட்டியைத் தூக்கி வைத்துக் கொடுத்த கை என் மடியில் கிடந்தது. அவள் நிறுத்தவில்லை. இப்போது காரில் வரும்போது சொன்னதையும் சொன்னாள். 'நானில்லாம சோத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். பாத்துக்கலாம்னீங்க. ஒருக்காவது என்னைப் போக வேண்டாம்னு தோணலியான்னு கேட்டேன். சரி சரின்னீங்க. நான் போனா உங்களுக்கு நிம்மதிதானான்னு கேட்டேன்.'

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன சொன்னேன் என்று அவள் சொல்லவில்லை. மரியாதைக்குச் சொன்ன அந்த "ஆமா" எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

மனிதனுக்கு வெட்கம் வரும், துக்கம் வரும், பயம் வரும். எனக்கு மூன்றும் ஒன்றாக வந்தது. பயம்தான் அதிகம். இத்தனை நாள் இவள் சொன்ன எதற்கெல்லாம் சரி போட்டிருக்கிறேனோ என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டேன். என் வாயில் வந்தது ஒரே ஒரு வார்த்தை. மெல்லத்தான் சொன்னேன். அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி, கெஞ்சுகிற மாதிரி, மெல்ல.

"போவாத."

குளத்தில் இருந்த அத்தனை பறவையும் எழுந்தது. முதலில் வாத்துகள், பிறகு நாரைகள், கூழைக்கடாக்கள், கரையோரத்துக் கொக்குகள் எல்லாம். தண்ணீர் முழுக்க வெள்ளையாகக் கலைந்து மேலே போயிற்று. படம் எடுத்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பிள்ளைகள் செல்போனைக் கீழே இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்கள். என் கணக்கில் அது ரகசியம் பேசுகிற குரல்தான். எட்டு மெஷினுக்கு நடுவில் அது ரகசியமாகவே இருந்திருக்கும்.

கல்லூரிப் பெண் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் மனைவி அவள் பக்கம் திரும்பினாள். ஒரு பக்கத்து முகம் எனக்குத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

"மன்னிச்சுக்க கண்ணு. அவுருக்குக் காது கேக்காது. எனக்கே இப்பத்தான் தெரியும்."

என் காது கேட்காது என்று ஒருவர் சொல்லி நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். மறுத்துப் பேச வாயெடுத்தேன். மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த பறவைகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கல்லூரிப் பெண் என்னைத் திட்ட வந்தவள், போர்வையைச் சரியாக இழுத்து விட்டுவிட்டுப் போனாள்.

என் மனைவி கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மகளுக்குப் போன் போட்டாள். கரையில் சாவகாசமாக நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்த்தபடி பேசினாள். நாளைக்கு வரவில்லை சாமி என்றாள். டிக்கெட்டை ரத்து பண்ணச் சொன்னாள். அப்பா நல்லாத்தான் இருக்காங்க, காது டாக்டரை ஒருக்காப் பாக்கோணும் என்றாள். மகள் அந்தப் பக்கம் நிறையக் கேட்டிருப்பாள்போல, இவள் வெகுநேரம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பறவைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குத் திரும்ப ஆரம்பித்தன. பிறகு அவள் உதடு அசைந்தது.

"இத்தன வருசமா உங்கப்பாவுக்கு நான் வேண்டாதவளாப் போயிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தன் கண்ணு."

நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.